வீட்டு வாசலிலிருந்து பனித்தடம் வரை

மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் என்னோடு வந்திறங்கிய எல்லோரும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்த பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உடுப்புப் பெட்டி வந்துவிட்டது. பனியில் சறுக்கும் ஸ்கீக் கட்டைகளை வைத்திருந்த நீளப் பை வரவில்லை. வெளியே காரோடு காத்திருந்த அத்தானுக்கு, சாந்தி அக்காவின் கணவருக்கு, போன் எடுத்தேன்.

"நீ எந்தப் பட்டிக்குப் பக்கத்திலை நிக்கிறாய்?" என்று கேட்டார். சொன்னேன். "நீளச் சாமான் அதிலை வராது, பிள்ளை. சுவரோடை ஒரு அகலக் கதவு இருக்கும். அங்கை போய்ப் பார்."

அங்கேதான் இருந்தது. அத்தான் இதே விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றி இறக்கும் வேலையில் இருந்து போன வருஷம்தான் ஓய்வுபெற்றவர். வெளியே வந்ததும் என் கையிலிருந்த பையை வாங்கி, அதில் ஒட்டியிருந்த பெயரை ஒருமுறை வாசித்தார்.

"உந்த ஸ்கீப் பையளை எத்தினை வருஷமாத் தூக்கினன். தமிழ்ப் பேர் ஒட்டின பையை இண்டைக்குத்தான் காணுறன்."

நான் ஏன் அந்தப் பையோடு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு வந்தவள் நான். இப்போது நாற்பத்து நான்கு. துரொண்ட்ஹைம் நகரத்தில், கப்பல்கள் கடலின் ஆழம் பார்க்கும் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் வேலை. எங்கள் பகுதியைக் கனடாவுக்கு மாற்றப் போவதாகக் கம்பனி அறிவித்தது. ரொறன்ரோவில் ஒரு அலுவலகம், மொன்றியலில் ஒரு அலுவலகம். எது வேண்டும் என்று திங்கட்கிழமைக்குள் நான் சொல்லவேண்டும்.

மற்றவர்கள் வாடகை, பள்ளிக்கூடம், வரி என்று பார்த்தார்கள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டால், கார் இல்லாமல், எத்தனை நிமிஷத்தில் ஸ்கீயைப் பனியில் வைக்கலாம்? துரொண்ட்ஹைமில் இருபத்தைந்து நிமிஷம். டிராமில் ஏறிக் கடைசித் தரிப்பில் இறங்கினால் காடு.

ஸ்கீ என்றதும் மலையுச்சியிலிருந்து பறந்து வருவதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். நான் செய்வது அதுவல்ல. காட்டுக்குள் பனியில் பதித்த இரண்டு கோடுகளில் கால்களை வைத்து, நடக்கவும் இல்லாமல் ஓடவும் இல்லாமல் வழுக்கிக்கொண்டே போவது. கிழமையில் மூன்று நாள் அது இல்லாவிட்டால் நான் நான் இல்லை.

கார் இல்லாததற்குக் காரணம் வேறு. எனக்கு வலிப்பு நோய். முப்பத்தொரு வயதில் தொடங்கியது. மருந்து எடுத்தும் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வரும். சாரதிப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஸ்கீயை விடவேண்டாம், ஆனால் காட்டுக்குள் தனியாகப் போகாதே என்று வைத்தியர் சொன்னார். கூட வேலை செய்யும் இங்ரிட் பதின்மூன்று வருஷமாக என்னோடு வந்தாள். சொந்தத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. அம்மா உயிரோடு இருந்தபோது "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்று போனில் அழுதார். அந்த அழுகைக்காக மறைக்கத் தொடங்கி, பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. கார் ஓடப் பயம் என்று சொல்லி வைத்திருந்தேன். மாத்திரைகள் வைட்டமின் போத்தலில் இருந்தன.

மொன்றியலுக்கு வருவதற்கு முன் மூன்று நாள் ரொறன்ரோவில் அண்ணா வீட்டில் நின்றேன். தோசைக் கடை நடந்து போகும் தூரம். கோயிலும் அப்படியே. பனித்தடமோ அண்ணாவின் காரில் ஒன்றேகால் மணி நேரம். நான் தேடிய அளவில் அங்கே பஸ்ஸில் போக வழி அகப்படவில்லை. "நான் ஏத்திக்கொண்டு போவன்தானே" என்றார் அண்ணா. அவர் ஆறு நாளும் வேலை செய்கிறவர். ஏழாவது நாள் நித்திரை கொள்கிறவர்.

அத்தானின் கார் மொன்றியலின் மேற்குப் புறநகரான பியர்பொன்ட்ஸ் போய்ச் சேர்ந்தபோது சாந்தி அக்கா வாசலில் நின்றார். அக்கா என் பெரியம்மாவின் மகள். விமானங்களுக்குள்ளே துப்புரவு செய்யும் வேலை. வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் இடியப்பம் அவித்து, சொதியும் கணவாய்க் கறியும் வைத்திருந்தார். ஸ்கீப் பையைப் பார்த்ததும் கதை தொடங்கிவிட்டது.

"சனம் குளிருக்குப் பயந்து இஞ்சையிருந்து ரொறன்ரோவுக்கு ஓடுது. நீ பனியைப் பாத்து ஊர் எடுக்கிறியாம். அண்ணை சொல்லிச் சிரிச்சவர்."

"ஓம் அக்கா. பனியைப் பாத்துத்தான்."

"உனக்கு விசர்" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு இடியப்பம் போட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. வெப்பநிலை சைபருக்குக் கீழே பதினெட்டு. நகரத்தின் நடுவே இருக்கும் மலையில் பனித்தடம் உண்டு என்று வாசித்திருந்தேன். கைக்கடிகாரத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். அத்தான் காரில் விடுவதாகச் சொன்னதை மறுத்தேன். காரில் போனால் கணக்கு பிழைத்துவிடும்.

கணக்கு வேறு விதமாகப் பிழைத்தது. தரிப்பில் வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது எதிர்த்திசைக்குப் போகும் பஸ். வீடுகள் குறைந்து மரங்கள் கூடியபோதுதான் விளங்கியது. கடைசித் தரிப்பில் சாரதி என்னையும் ஸ்கீயையும் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். எனக்கு அந்த மொழி தெரியாது. என் நோர்வே ஆங்கிலம் அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் அவர் கையால் மலை மாதிரி ஒரு வளைவு காட்டினார், நான் தலையாட்டினேன், அவர் இருக்கையைக் காட்டினார். அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். அக்கா வீட்டுத் தரிப்பைத் தாண்டும்போது நேரத்தைப் புதிதாகக் குறித்தேன்.

பிறகு மெத்ரோ என்ற நிலத்தடி ரயில். ஸ்கீயை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் வியப்பாகப் பார்க்கவில்லை. எதிரே இருந்த இரண்டு அலுவலகப் பெண்கள் பிரெஞ்சில் பேசிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "இவள் சொல்கிறாள், உங்களைப் பார்த்ததும் இன்று வேலைக்குக் கிளம்பியிருக்கக் கூடாது என்று தோன்றுகிறதாம்" என்றாள்.

மலையில் இன்னொரு பஸ் கொண்டுபோய் விட்டது. வாசலிலிருந்து ஒரு மணி பதினெட்டு நிமிஷம். தடம் அருமையாகப் பதித்திருந்தார்கள். மதிய இடைவேளையில் வந்தவர்கள் கழுத்துப்பட்டியோடு வழுக்கிக்கொண்டு போனார்கள். நான் காலை வைத்தேன். ஸ்கீ நகரவில்லை. துரொண்ட்ஹைமில் பனி ஈரமானது. இந்தக் குளிரில் பனி கடற்கரை மணல் மாதிரி இருந்தது. ஸ்கீயின் அடியில் பூச நான் கொண்டுவந்த நீல மெழுகு இங்கே எடுபடவில்லை.

குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தபோது எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றார். வெளிறிப்போன சிவப்பு மேலங்கி. என் ஸ்கீயின் அடியைத் தடவிப் பார்த்து, தன் பையிலிருந்து பச்சை மெழுகுத் துண்டு ஒன்றை எடுத்துத் தந்தார்.

"எங்கேயிருந்து?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நோர்வே."

என் முகத்தைப் பார்த்தார், ஸ்கீயைப் பார்த்தார், சிரித்தார். "நல்லது. தனியாகவா வந்தாய்?"

"இன்றைக்கு மட்டும்."

"முன்பு என்னோடு வர ஆள் இருந்தது. இப்போது இல்லை. அதனால் ஆட்கள் இருக்கிற நேரமாகப் பார்த்து வருகிறேன்" என்றார். நான் மெழுகைப் பூசி முடிக்கும்வரை நின்று, பிறகு போனார்.

அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் சறுக்கினேன். ஆட்கள் நிறைய இருக்கும் தடம்தானே, இது தனிமை ஆகாது என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன். ஆனாலும் அந்த அம்மா கேட்டது கூடவே வந்தது. நிமிஷங்களை எண்ண வந்த நான், இங்ரிட்டின் இடத்தில் யார் என்பதை எண்ணவே இல்லை.

வெள்ளிக்கிழமை அலுவலகம் பார்க்கப் போனேன். அங்கே கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று வருஷமான கார்த்திக் எனக்கு இடம் காட்டினான். "அக்கா, டொரன்டோவே எடுத்துக்கங்க. இங்க எல்லாத்துக்கும் ஃப்ரெஞ்ச் வேணும். ஸ்கீயிங் எல்லாம் ஒரு தடவை போனேன், மணிக்கட்டு உடைஞ்சுது, அதோட சரி" என்றான். மதியத்துக்கு மஞ்சள் பட்டாணி சூப் வாங்கித் தந்தான். பருப்பில் உப்பும் பன்றிக்கொழுப்பும் போட்டது போல இருந்தது. இரண்டு கோப்பை குடித்தேன். பனித்தடத்துக்குக் கூட வருவாயா என்று அவனிடம் கேட்கலாமா என ஒரு கணம் யோசித்தேன். கேட்டால் நோயைச் சொல்லவேண்டும். சூப்பைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

சனிக்கிழமை காலை. பியர்பொன்ட்ஸின் மேற்கு முனையில் ஆற்றோரமாக ஒரு பெரிய காட்டுப் பூங்கா இருக்கிறது. அங்கேயும் தடம் பதிக்கிறார்களாம். நான் பஸ் நேரம் பார்ப்பதைக் கண்டு அத்தான் சிரித்தார்.

"கார் கணக்கிலை சேராது, என்ன?"

"சேராது அத்தான்."

"அப்ப நானும் பஸ்ஸிலை வாறன். வீட்டிலை இருந்து சுவரைப் பாத்தது காணும்."

அக்கா வேலைக்குப் போகமுன் ரோல்ஸ் பொரித்து, சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். இந்த முறை பஸ் சரியான திசையில் போனது. வாசலிலிருந்து பனிவரை முப்பத்தொரு நிமிஷம். எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. அத்தானிடம் கடிகாரத்தைக் காட்டினேன். "அவ்வளவு தானே? இஞ்சை முப்பது வருஷமா இருக்கிறன். ஒருநாளும் உள்ளுக்கு வரேல்லை" என்றார்.

அங்கே ஸ்கீ வாடகைக்குக் கொடுக்கும் மரக்குடில் ஒன்று இருந்தது. அத்தான் வெளியே நிற்பதாகத்தான் பேச்சு. ஐந்து நிமிஷம் நின்றார். பிறகு உள்ளே போய், தன் கால் அளவைப் பிரெஞ்சில் சொல்லி, ஒரு சோடி வாங்கிக்கொண்டு வந்தார். அறுபத்திரண்டு வயது. முதல் பத்து நிமிஷத்தில் ஆறு தரம் விழுந்தார். ஒவ்வொரு தரமும் எழும்பி, அடுத்தது எப்படி என்று கேட்டார். முழங்காலை மடியுங்கோ, தடியை உடம்புக்குக் கிட்ட வையுங்கோ என்று சொல்லிக்கொடுத்தேன். ஏழாவது தரம் விழாமல் ஐம்பது அடி தூரம் போய், திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தை நான் அப்படிக் கண்டதில்லை.

மரங்களுக்கிடையில் ஒரு கிலோமீற்றர் போயிருப்போம். வாயில் பித்தளைச் சுவை வந்தது. பிறகு, எங்கேயோ ரப்பர் எரிகிற மணம். எனக்கு அது என்னவென்று தெரியும். வெளியூர் நேரத்தில் மாத்திரை நேரம் பிசகியிருந்தது, நித்திரையும் குறைவு. ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகத்தான் அவகாசம் இருக்கும். பட்டென்று ஸ்கீயைக் கழற்றிவிட்டுத் தடத்தின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அத்தான், கிட்ட வாங்கோ. எனக்கு வலிப்பு வரப்போகுது. பதின்மூண்டு வருஷமா இருக்கு. பயப்பிடாதையுங்கோ. என்னைப் பக்கமாச் சரிச்சு விடுங்கோ. பிடிச்சு அமத்தாதையுங்கோ. வாய்க்குள்ளை ஒண்டும் வைக்காதையுங்கோ. மணிக்கூட்டைப் பாருங்கோ. அஞ்சு நிமிசத்துக்கு மேலை போனால் மட்டும் அம்புலன்சைக் கூப்பிடுங்கோ."

பதின்மூன்று வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல அவ்வளவு நேரம்தான் எடுத்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் திறந்தபோது வானம் தெரிந்தது, பிறகு அத்தானின் தாடை. என் தலைக்குக் கீழே அவருடைய கோட். அவர் வெறும் சுவெற்றரோடு, ஒரு காலில் ஸ்கீயைக் கழற்றாமலே, முழங்காலில் நின்றார். பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். ஒரு ஆண், ஒரு பெண். அந்தப் பெண்ணின் கையில் போன் இருந்தது. அத்தான் அவர்களிடம் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். "இவள் அஞ்சு நிமிசம் காத்திருக்கச் சொன்னவள், நான் காத்திருக்கிறன் எண்டு சொன்னன்" என்றார்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். நாக்கைக் கடித்திருந்தேன். சொல் சரியாக வரவில்லை.

"ரெண்டு நிமிசமும் பத்துச் செக்கனும்." என் தலைமயிரில் இருந்த பனியைத் தட்டிவிட்டு, "நான் வடிவாப் பயந்துபோனன்" என்றார்.

நின்ற இருவரும் அவருடைய கோட்டை அவருக்கே திருப்பிப் போட்டுவிட்டு, தங்கள் போர்வையை எனக்குச் சுற்றி, குடில்வரை எங்களோடு நடந்து வந்தார்கள். அங்கிருந்து டாக்ஸி. வீட்டு வாசலில் அத்தான், "சாந்திக்குச் சொல்லுறதும் விடுறதும் உன்ரை விருப்பம். நான் வாய் திறக்கமாட்டன்" என்றார்.

நான் நான்கு மணி நேரம் நித்திரை கொண்டேன். எழும்பியபோது அக்கா வந்திருந்தார். குசினியில் வைத்துச் சொன்னேன். எல்லாவற்றையும், வைட்டமின் போத்தல் உட்பட.

அக்கா அடுப்பை நிற்பாட்டினார். "சித்தி என்னட்டைக்கூடச் சொல்லேல்லை" என்றார். அது கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கோபம்தான் என்று தெரிந்தது. "அப்ப கதை முடிஞ்சுது. நீ ரொறன்ரோவுக்குப் போ. அண்ணையோடை இரு. உந்தப் பனி விளையாட்டை இண்டையோடை விடு."

நான் ஏன் இவ்வளவு காலம் மறைத்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெளிவானது. அம்மாவின் அழுகை அல்ல. இந்த வசனத்துக்குத்தான் பயந்திருந்தேன்.

"விடமாட்டன் அக்கா."

"காட்டுக்கை விழுந்து கிடந்து விறைச்சுச் செத்தா?"

"குளிக்கிற இடத்திலையும் விழலாம். படியிலையும் விழலாம். அதுக்காக நான் குளிக்காமல் இருக்கேல்லை. வைத்தியர் விடச் சொல்லேல்லை. ஒரு ஆளோடை போ எண்டுதான் சொன்னவர்."

"எந்த ஆள் வரும் உன்னோடை?"

அக்கா அண்ணாவுக்குச் சொல்லப்போவதாகச் சொன்னார். நானே போனை எடுத்து அண்ணாவுக்குச் சொன்னேன். அவரும் அதே தீர்ப்பைத்தான் சொன்னார், கொஞ்சம் மெதுவான குரலில். இரவுச் சாப்பாட்டில் அத்தான் எழும்பும்போதும் இருக்கும்போதும் முனகினார். அவருக்கு உடம்பில் நோகாத இடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வேலைக்குப் போய்விட்டார். நான் ஜன்னலோரம் இருந்து கம்பனிக்குக் கடிதம் ஒன்றை எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். மொன்றியல் என்று எழுதினால் தனியாகப் போவேன். தனியாகப் போனால் ஒருநாள் அக்கா சொன்னது நடக்கும். ரொறன்ரோ என்று எழுதினால் கோடை காலம் முழுவதும் பனி விழும் நாளை எண்ணியபடி இருப்பேன், குளிர் காலம் முழுவதும் அண்ணாவின் ஏழாவது நாளுக்குக் காத்திருப்பேன். இரண்டையும் நினைத்துப் பார்த்தேன். கடைசியில் மொன்றியல் என்றே எழுதினேன். ஆள் தேடுவேன். அந்தச் சிவப்பு மேலங்கி அம்மாவைப் போல ஆட்கள் உள்ள மலை ஒன்று இருக்கிறது. ஒருவரிடம் சொல்ல முடிந்தவளுக்கு இன்னொருவரிடம் சொல்ல முடியாதா? ஆனால் கடிதத்தை அனுப்பவில்லை. அக்கா வந்ததும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவது என்று இருந்தேன்.

அக்கா மூன்று மணிக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். நான் வாயைத் திறக்கமுதல், முன் அறையில் கிடந்த சின்ன மேசையைச் சுவரோரமாகத் தள்ளினார்.

"படு" என்றார்.

"என்ன அக்கா?"

"கீழை படு. அத்தான் ஏதோ பெரிய வீரம் மாதிரிச் சொல்லுறார். எனக்கும் காட்டு. பிளேனுக்கை எங்களுக்கு ஒண்டும் பழக்கேல்லை."

கம்பளத்தில் மல்லாந்து படுத்தேன். அக்கா முழங்காலில் இருந்தார், ஐம்பத்தெட்டு வயது முழங்கால், சத்தம் கேட்டது. அத்தான் தலைமாட்டில் நின்று சொல்லிக்கொடுத்தார். அந்தக் கையை இப்படி மடி, முழங்காலைத் தூக்கு, உன்ரை பக்கம் இழு. முதல் தரம் அக்கா என் தலைமயிரில் மிதித்துவிட்டார். இரண்டாம் தரம் சரியாக வந்தது.

"இன்னொருக்கா" என்றார்.

நாலு தரம் செய்தார். நாலாம் தரம் என் கன்னத்தில் ஒட்டியிருந்த கம்பளத் தூசியைத் தட்டிவிட்டு, கை அப்படியே கன்னத்தில் இருக்க, "சனிக்கிழமை எனக்கு லீவு எடுக்கலாம்" என்றார். "நான் சறுக்கமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன். அந்தக் குடிலுக்கை இருப்பன். அத்தான் உன்னோடை வருவார். அவருக்கும் வயித்தைக் குறைக்க வேணும்."

"புதன்கிழமை?" என்று கேட்டேன். "நான் கிழமையிலை மூண்டு நாள் போறனான்."

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். "எடியே, உனக்குத் துணிவு கூடிப்போச்சு."

"புதனும் வாறன்" என்றார் அத்தான். "எனக்கென்ன வேலை?"

மூன்றாவது நாளுக்கு நான் மலைக்குப் போய், முதலில் அந்தச் சிவப்பு மேலங்கி அம்மாவைத் தேடுவது என்று தீர்மானித்தேன். அதை அன்றைக்கு அக்காவிடம் சொல்லவில்லை. ஒருநாளைக்கு இவ்வளவு காணும்.

அன்றிரவே கடிதத்தை அனுப்பினேன்; திங்கட்கிழமை காலை கம்பனியிலிருந்து போன் வந்தது. இடமாற்றப் படிவத்தை நிரப்பும் பெண். அக்கா வீட்டுக்குக் கிட்ட, ரொக்ஸ்பரோப் பக்கம் வீடு பார்ப்பேன், ஒக்டோபரில் வருவேன் என்று சொன்னேன். எல்லாம் எழுதிக்கொண்டு, கடைசிக் கேள்விக்கு வந்தாள்.

"இந்த நகரத்தைத் தெரிவு செய்த காரணம்?"

"ஸ்கீ."

அவள் சிரித்தாள். "அப்படி ஒரு காரணம் இந்தப் பட்டியலில் இல்லை. உங்களுக்கு அங்கே உறவினர் இருக்கிறார்கள் அல்லவா? குடும்பம் என்று போட்டுவிடட்டுமா?"

குசினியில் அக்கா என் பயணத்துக்கு ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார். அத்தான் இடுப்பில் சுடுதண்ணிப் பை கட்டியபடி, ஸ்கீயை வாடகைக்கு எடுப்பதா சொந்தமாக வாங்குவதா என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போடுங்கள்" என்றேன். "ஆனால் முதலில் ஸ்கீ என்று எழுதுங்கள். குடும்பத்தை அதற்குக் கீழே எழுதுங்கள்."